தகவல் வராத நேரம்

அந்தப் படத்தை நான் திறக்காமலே இருந்திருந்தால், இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணி மற்ற எல்லாப் பன்னிரண்டு மணிகளையும் போல வந்து போயிருக்கும்.

இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே மாதுரி இப்படி நினைத்தாள். நினைத்த உடனே அந்த நினைப்பின்மீது அவளுக்கு அருவருப்பு வந்தது. படத்தைத் திறந்தது நேற்று. படம் வந்தது மூன்று வாரங்களுக்கு முன்பு. மூன்று வாரம் திறக்காமல் இருந்ததற்கு வருந்தாமல், திறந்ததற்கு வருந்துகிற மனசு என்ன மனசு?

அடுப்பைச் சிறிதாக்கினாள். தில்லி முனிர்காவில் அவர்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு இலவ மரம் உண்டு. மார்ச் மாதம் பிறந்ததும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும். தினமும் ஒரு நிமிஷமாவது அதைப் பார்ப்பாள். இன்று அது கண்ணில் படவில்லை.

லோதி ரோடில் ஒரு கூட்டமைப்பின் அலுவலகம். அதில் அவள் சரிபார்ப்பு அதிகாரி. ஒன்பது நாடுகள் சேர்ந்து ஏற்படுத்திய அமைப்பு அது. பாதிக்கு மேல் தீவு நாடுகள். தனியாகப் போய் நின்றால் எந்தப் பெரிய கம்பெனியும் உட்காரச் சொல்லாத சின்ன நாடுகள். சேர்ந்து வாங்கினால் நல்ல சோலார் தகடு கிடைக்கும், நல்ல பேட்டரி கிடைக்கும், பழுது பார்க்க ஆள் வருவான். டீசல் கப்பல் வந்தால் விளக்கு, வராவிட்டால் இருட்டு என்று இருந்த ஊர்களுக்கு நம்பி இருக்கக்கூடிய மின்சாரம் வரும். இதற்காகத்தான் கூட்டமைப்பு.

முதல் சோதனை தவோலா என்ற தீவில் நடந்தது. பசிபிக் கடலில், தில்லிக் கடிகாரத்துக்கு ஆறரை மணி நேரம் முந்தி விடிகிற ஊர். அங்கே சுகாதார நிலையத்தில் சோலாரும் பேட்டரியும் வைத்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஓட்டம் எப்படி என்று மாதுரி எழுதிய அறிக்கை பத்து நாளுக்கு முன் ஒன்பது நாடுகளுக்கும் போயிற்று. வருஷத்தில் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு சதவீத நேரம் மின்சாரம் இருந்தது என்பது அறிக்கையின் முதல் வரி. கீழே அவள் கையெழுத்து. இதே அளவு பேட்டரியை இன்னும் பதினோரு தீவுகளுக்குச் சேர்ந்து வாங்கலாம் என்பது கடைசி வரி.

கூட்டமைப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்பது நாடுகளையும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரே அறையில் உட்கார வைக்க முடியாது. அதனால் வரைவை அனுப்பிவிட்டு ஒரு நாளும் நேரமும் குறிப்பார்கள். அதற்குள் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பொருள். ஒரே ஒரு மறுப்பு வந்தாலும் வரைவு நின்றுவிடும். நாடுகள் மறுக்கலாம். அறிக்கை எழுதிய அதிகாரியும் மறுக்கலாம். எழுதியவரே மறுத்ததாக இதுவரை சரித்திரம் இல்லை.

இந்த அறிக்கைக்குக் குறித்திருந்த நேரம், புதன்கிழமை பகல் பன்னிரண்டு. அதாவது இன்று.

நேற்று மத்தியானம் கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. தவோலாவின் நர்ஸ் ஐஸ் பெட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறாளே, எத்தனை லிட்டர் பெட்டி? மாதுரிக்கு முதலில் புரியவில்லை. தேடிப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் நர்ஸ் மெரேயானி அவளுக்குத்தான் எழுதியிருந்தாள். இரண்டு வரிக் கடிதம். கூடவே ஒரு படம். 'தகுந்த நடவடிக்கைக்கு' என்று மேலே தட்டி அதைக் கொள்முதல் பிரிவுக்குத் தள்ளிவிட்டது மாதுரியின் விரல்தான். அவள் அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஃபைல்களின் ஓரத்தில் எழுதிய வார்த்தைகள் அவை. ரத்தத்திலேயே வந்துவிட்டன போல. எழுதினால் காகிதம் நம் மேஜையை விட்டுப் போய்விடும்.

படத்தில் இருந்தது தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் அட்டவணை. காலையும் மாலையும் உள்ளே எத்தனை டிகிரி என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது உலகத்திலுள்ள எல்லாச் சுகாதார நிலையத்திலும் உள்ள முறைதான். எட்டு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மெரேயானியின் கோடு ஒழுங்காகப் போய், திடீரென்று எழும்பி, மறுபடி இறங்கியது. எழும்பின இடங்களில் எல்லாம் சின்ன எழுத்தில் ஒரே வார்த்தை. தூங்கிவிட்டது.

பெட்டி தூங்கிவிட்டது. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டு காலைகள்.

தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டுக்குள் முப்பத்தெட்டு காலைகள் எப்படி அடங்கும்? நர்ஸ் தப்பாக எழுதியிருப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் மாதுரி இப்போது குறித்து வைத்துக்கொண்டாள்.

அந்தத் தேதிகளில் தில்லிக்கு வந்த தகவல்களைத் திறந்தாள். அந்த நேரங்களில் எதுவுமே வந்திருக்கவில்லை. வெறும் கட்டங்கள்.

அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, காரணமே இல்லாமல் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

தவோலாவில் பேட்டரி அலமாரிக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி இருந்தது. மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று கால் மணிக்கு ஒரு தடவை அது தில்லிக்குச் சொல்லும். மழைக் காலத்தில் சாட்டிலைட் தொடர்பு அறுந்துபோகும். தொடர்பு இல்லாத நேரத்தையெல்லாம் மின்சாரம் இல்லாத நேரமாக எப்படிக் கணக்கிடலாம் என்று ஒப்பந்தக்காரர் ஆரம்பத்திலேயே சண்டைக்கு வந்தார். நியாயமான சண்டைதான். மாதுரி உட்கார்ந்து யோசித்து ஒரு வரி எழுதினாள். தகவல் வராத நேரத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். இயக்குநர் கல்யாணராமன், 'க்ளீனா இருக்கு' என்று பாராட்டினார்.

கருவி எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அதே பேட்டரியிலிருந்துதான் எடுத்தது. பேட்டரி தீர்ந்தால் கருவியும் அணைந்துவிடும். அணைந்த கருவி, நான் அணைந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லும்? தவோலாவில் பேட்டரி தீர்ந்து மின்சாரம் போன ஒவ்வொரு நேரமும் தகவல் வராத நேரமாக மாறி, அவள் எழுதிய அந்த ஒரு வரியின் வழியாகக் கணக்கை விட்டே வெளியேறிப் போயிருந்தது.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. வெறும் தொடர்பு மட்டும் அறுந்திருந்தால் கருவி தகவலைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பியிருக்கும். அப்படிப் பிந்தி வந்து சேர்ந்தவற்றைப் பிரித்து வைத்தாள். வரவே வராதவை மிஞ்சின. நாற்பத்தோரு தடவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கருவி கடைசியாக அனுப்பிய எண்கள் படி இறங்குவது போலச் சரிந்துகொண்டே வந்திருந்தன. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் பேட்டரி நிறைவதில்லை. விடியப் போகிற நேரத்துக்குத் தீர்ந்துவிடுகிறது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு, மெரேயானியின் பென்சில் கோட்டோடு பொருந்தின. மற்ற மூன்றும் குளிர்பெட்டி சூடாகும் முன்பே வெயில் வந்துவிட்ட காலைகளாக இருக்கும்.

அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் தொண்ணூற்று நான்கு சொச்சம். ஒப்பந்தப்படி குறைந்தது தொண்ணூற்றெட்டு வேண்டும். பேட்டரி சிறியது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் நேற்று மாலை மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு முதலில் வந்தது பயமோ வருத்தமோ அல்ல. நிம்மதி. இதை வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற நிம்மதி. ஹௌஸ் காஸ் ஸ்டேஷன் வரும்வரை அந்த நிம்மதியோடு நின்றாள். இறங்கும்போதுதான் தன்னையே கவனித்தாள். பல வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அங்கே தனக்குத் தெரியாத ஓர் அறை இருப்பதைக் கண்டவள் போல இருந்தது.

"அம்மா, மேத்ஸ் நோட். சைன் பண்ணு, ஜல்தி."

பத்து வயது அபூர்வா நோட்டை இட்லிப் பானைக்குப் பக்கத்திலேயே விரித்தாள். மாதுரி கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மகள் நோட்டை எடுக்காமல் அவளையே பார்த்தாள். "நீ பாக்கவே இல்ல. டெய்லி இவ்ளோ நேரம் பாப்பே. ஆர் யூ ஓகே?"

மாதுரி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பார்த்தாள். இரண்டு கணக்கு தப்பு. கையெழுத்து ஏற்கெனவே கீழே இருந்தது. அபூர்வா, "அச்சா, இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்" என்று முனகிக்கொண்டே பென்சிலைத் தேடப் போனாள்.

சாப்பிடும்போது கணவன் பிரசன்னாவிடம் சொன்னாள். நொய்டாவில் ஒரு செய்திச் சேனலில் வேலை செய்பவன் அவன். எதையும் வேகமாகக் கேட்பான், அதைவிட வேகமாகப் பதில் சொல்வான். இன்று பாதி இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான்.

"தப்புன்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"எங்க சேனல்ல ஒரு நாளைக்குப் பத்துத் தப்பு போகுது. சுட்டிக் காட்டினாலே ஒத்துக்க மாட்டோம். நீ என்னடான்னா யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கறே."

அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, ஜூனில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறதே, புதுப்பிப்பார்களா என்று கேட்டான். தெரியாது என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சாயந்தரம் அபூர்வாவை நான் கூட்டிக்கறேன். நீ அதைப் பத்தி யோசிக்காதே" என்றான். பிரசன்னா சொல்லக்கூடிய அதிகபட்ச ஆதரவு அது. அவளுக்குத் தெரியும்.

எட்டரைக்கு அலுவலகத்தில் துடைப்பவர்கள் மட்டும் இருந்தார்கள். மாதுரி தவோலாவுக்கு ஃபோன் போட்டாள். அங்கே பிற்பகல் மூன்று மணி. பின்னால் குழந்தைகளின் சத்தமும் ஒரு படகு மோட்டாரின் சத்தமும் கேட்டன. ஐஸ் பெட்டிக்காகத்தான் தில்லியிலிருந்து அழைக்கிறார்கள் என்று எண்ணி மெரேயானி நிறைய நன்றி சொன்னாள். பெரிய பெட்டி வேண்டாம், சிறியதாக இரண்டு போதும், ஒரு பொம்பளையால் தூக்கிக்கொண்டு படகில் ஏற முடிய வேண்டும் என்றாள்.

பெட்டி தூங்குவதைப் பற்றி மாதுரி கேட்டாள். மெரேயானி தயங்கினாள். பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் புகார் சொல்ல மனம் வராத தாயைப் போல, நல்ல பெட்டிதான், கடுமையாக உழைக்கிறது, மழை நாளில் மட்டும் விடியற்காலையில் தூங்கிவிடும் என்றாள். அதற்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று மீனவர் சங்கத்தில் அதே மின்சாரத்தில் ஓடும் தங்கள் ஐஸ் இயந்திரத்தையே மழை நாளில் நிறுத்திவிடுகிறார்களாம். அப்படியும் தூங்கினால் அவள் தடுப்பூசிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தீவுக்குப் படகில் போவாள். இரண்டு தடவை அலையில் போக முடியவில்லை. அந்த இரண்டு தடவையும் மருந்தைக் கொட்டிவிட்டு, ஊசி போட வந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குறை ஏதேனும் உண்டா என்று படிவம் வருமே, அதில் ஏன் எழுதவில்லை?

"அந்தப் படிவம் டேப்லெட்டில் வருகிறது, மேடம். பெட்டி விழித்திருக்கும்போதுதான் டேப்லெட்டும் வேலை செய்யும். அப்போது எனக்கு என்ன குறை?" என்று சொல்லி மெரேயானி சிரித்தாள்.

ஃபோனை வைத்த பிறகு மாதுரி குறிப்பு எழுத உட்கார்ந்தாள். ஒரே ஒரு பக்கம். மூன்று தடவை எழுதி அழித்தாள். முதல் தடவை, 'ஒரு பிழை நேர்ந்துள்ளதாகத் தெரிய வருகிறது' என்று வந்தது. இரண்டாம் தடவை, 'கணக்கிடும் முறையில் ஒரு குறை கவனத்துக்கு வந்துள்ளது.' மூன்றாவதில் 'நாம்' என்று எழுதினாள். இந்த வாக்கியங்களில் தான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்தாள். எதிலும் ஆளே இல்லை. பிழை தானாக நேர்ந்தது, குறை தானாக நடந்து வந்து கவனத்தில் ஏறிக்கொண்டது. இதிலும் தகவல் வராத நேரம்தான்.

மாதுரி பார்த்தாச்சுன்னா பார்த்தாச்சு. இப்படி ஒரு பேச்சு அந்த அலுவலகத்தில் உண்டு. நாலு வருஷம் குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டு வந்தவள், ஒரு கமாவைக்கூட விடாமல் உழைத்துச் சம்பாதித்த பேச்சு. வேலை போய்விடும் என்பதைவிட அந்தப் பேச்சு போய்விடும் என்பதுதான் தன்னை இவ்வளவு பயமுறுத்துகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு பயம் போகவில்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்பதாவது தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

நான்காம் தடவை எழுதினாள். 'தகவல் வராத நேரத்தை விலக்கும் வரியை எழுதியவள் நான். அது தவறு. என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.' கீழே நாற்பத்தோரு தேதிகள். பிறகு மெரேயானியின் அட்டவணை.

பத்தரை மணிக்கு அதைக் கல்யாணராமனுக்கு மட்டும் அனுப்பினாள். அவருக்குத் தெரியாமல் ஒன்பது நாடுகளுக்கும் அனுப்புவது முறையாகாது என்று தோன்றியது. பதினொன்று இருபதுக்கு அவர் கூப்பிட்டார்.

கல்யாணராமன் மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் மின்துறை வேலை பார்த்தவர். இந்த ஒன்பது நாடுகளும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்க ஆறு வருஷம் அலைந்தவர். நாலு வருஷ இடைவெளியைக் காட்டி நாலு இடத்தில் வேண்டாம் என்று சொன்ன பிறகு மாதுரியை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். அடுத்த வாரம் நடக்க இருந்த அமைச்சர்கள் கூட்டம்தான் அவருடைய கடைசி வேலை.

அவள் குறிப்பை அச்செடுத்து மேஜைமீது வைத்திருந்தார். ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்திருந்தார்.

"உக்காரு. நானும் போட்டுப் பார்த்தேன். நீ சொல்றது சரி. அதான் கஷ்டமே."

அவர் மறுப்பார் என்று எண்ணித் தயார் செய்து வந்த பதில்கள் எல்லாம் அவளுக்குப் பயனில்லாமல் போயின.

கருவியின் மின்சாரத்தைப் பற்றித் தனக்கும் தோன்றியிருக்க வேண்டும் என்று சொன்னார். பழியை அவள் ஒருத்திமேல் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை, கமிட்டி என்று போட்டுவிடலாமே என்றார்.

"கமிட்டி எழுதல ஸார். நான்தான் எழுதினேன்."

"பிடிவாதம்" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமீது வைத்துவிட்டு, மெதுவாக, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வரைவு இன்று நின்றால் அடுத்த வாரக் கூட்டம் நடக்காது. பேட்டரியின் அளவை மாற்றினால் டெண்டர் மறுபடி முதலிலிருந்து. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அந்தக் கடல் அமைதியாக இருக்கும். அதற்குள் சாமான் போய் இறங்காவிட்டால் ஒரு வருஷம் போயிற்று. பதினோரு தீவும் இன்னும் ஒரு வருஷம் டீசல் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு நாடுகள் ஏற்கெனவே ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு நிற்கின்றன, அவை போய்விடும். மிச்சம் ஏழு நாடுகளுக்கு இந்த விலையில் யாரும் எதையும் தர மாட்டார்கள்.

ஒவ்வொன்றும் உண்மை. அவளே நேற்று இரவெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்ட உண்மைகள்.

"தொண்ணூத்தி நாலு ஒண்ணும் மோசமில்லையே, மாதுரி. இப்ப அங்கெல்லாம் ஐம்பதுகூட இல்லை. முதல்ல போய்ச் சேரட்டும். குறையை ரெண்டாங் கட்டத்துல ஒரு பாரா போட்டுச் சரி பண்ணிக்கலாம்."

"பாரா போட்டா பேட்டரி பெரிசாகாது ஸார். ஒரு தடவை வெச்சா பத்து வருஷத்துக்கு அதான்."

"தவோலாக்காராளே ஒண்ணும் சொல்லலை. அவா பிரதிநிதி வாயே திறக்கலை. நாம என்னத்துக்கு முந்திண்டு?"

"அவங்க கையில இருக்கறதும் நாம குடுத்த நம்பர்தான் ஸார்."

வெளியே லோதி ரோடில் ஒரு பஸ் நெடுநேரம் ஹார்ன் அடித்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப தூரம் தூக்கி வந்த ஒன்றை வாசலில் வைத்துக்கொண்டு நிற்பவரின் களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்பு அவளைக் கோபத்தைவிட அதிகமாக அசைத்தது. கொஞ்சம் அதட்டியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது.

"சரி, ஒண்ணு சொல்றேன்" என்றார் கல்யாணராமன். "நீ பொய் சொல்ல வேண்டாம். எதையும் மறைக்க வேண்டாம். இதை அனுப்பு. ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே அனுப்பு. சாயந்தரமா அனுப்பு. ரெகார்டுல ஏறிடும். நாளைக்கு யார் கேட்டாலும் நீ சொன்னதுதான்னு இருக்கும். பன்னெண்டு மணி வரைக்கும் சும்மா இரு. அவ்வளவுதான் கேக்கறேன்."

மாதுரி அதை உள்ளே வாங்கி வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. உண்மையும் சொன்னதாகும், அது யாரையும் தொந்தரவு செய்யவும் செய்யாது. அவள் சுத்தமாக வெளியே வந்துவிடலாம். பதினோரு தீவுகளில் பதினோரு நர்ஸுகள் மழை நாள் விடியலில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறுவார்கள். அட்டவணையில் தூங்கிவிட்டது என்று எழுதுவார்கள். தில்லியில் வெறும் கட்டங்கள் வந்து விழும். அவளுடைய மறுப்பு ஏதோ ஒரு ஃபைலில், சரியான தேதியோடும் தவறான நேரத்தோடும் பத்திரமாக இருக்கும்.

ஒரு வருஷம் இருட்டு. அதுவும் நிஜம்தான். அந்த ஒரு வருஷத்துக்கு அவளும் பொறுப்பு. அதை அவர்மேல் போட்டுவிட்டுப் போக முடியாது, கடல்மேலும் போட முடியாது. நிறுத்தினால், நிறுத்தியதோடு வீட்டுக்குப் போக முடியாது. புதிய அளவு, புதிய கணக்கு, தனி மின்சாரத்தில் ஓடும் கருவி, போக நினைக்கிற அந்த இரண்டு நாடுகளிடம் மறுபடி மறுபடிப் பேச்சு. ஜூன் வரைக்கும் நாள் இருந்தது. மே மாதத்தைப் பிடிக்க முடியாது. ஓடினால் ஆகஸ்டைப் பிடிக்கலாமோ என்னவோ. அந்த 'என்னவோ'வைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் மனசு முதல் தடவையாக நேராக நின்றது.

கல்யாணராமன் கீழ் இழுப்பறையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தார். அவர் மனைவி ருக்கு தினமும் கொடுத்தனுப்பும் டிகிரி காபி. அந்த அலுவலகத்தில் அது பிரசித்தம். அவர் யாருக்காவது தன் கையால் காபி ஊற்றினால் அவர்களோடு உட்கார்ந்து குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். பாதியில் யாரும் எழுந்து போனதில்லை. சண்டை போட்டுக்கொண்டு வந்த தூதர்கள்கூட அந்தக் காபி முடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது நாடுகளில் நான்கு இப்படித்தான் சேர்ந்தன என்று அவரே சொல்வார்.

இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தார். நுரை வர ஆற்றி ஊற்றினார். ஒன்றை டவராவோடு அவள் பக்கம் நகர்த்தினார். கடிகாரத்தை அவரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

"குடி. நிதானமாக் குடி. பேசிண்டிருக்கலாம்" என்றார். குரல் கெஞ்சுவது போலவும் இருந்தது, கனிவாகவும் இருந்தது. "அபூர்வா எப்படி இருக்கா? தமிழ் படிக்கறாளா, இல்லை இன்னும் ஹிந்திதானா?"

"பேசறா ஸார். எழுதத்தான் மாட்டேங்கறா."

சொல்லிக்கொண்டே மாதுரி எழுந்தாள். தன் டம்ளரை வெளியே எடுத்து வைத்து, டவராவை அதன்மேல் கவிழ்த்து மூடினாள். ஓரம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். மேஜைமீது அச்செடுத்து வைத்திருந்த குறிப்பை அவர் பக்கமே விட்டுவிட்டாள். ஒன்பது நாடுகளுக்கும் அனுப்ப வேண்டிய பிரதி அவள் கம்ப்யூட்டரில் இருந்தது.

"சூடா இருக்கும் ஸார்" என்றாள். "பன்னெண்டுக்குள்ள வந்துடறேன்."